பள்ளியின் இரண்டு வாயில்கள்: புலம்பெயர் தொழிலாளர் பிள்ளைகளின் கல்வியில் தலைமையாசிரியரின் பொறுப்பும் தமிழ்த்துறைகளின் கடமையும்

ஆய்வுச் சுருக்கம்

பிற மாநிலங்களிலிருந்து தமிழகத்திற்குப் பணிநாடி வந்துள்ள தொழிலாளர்களின் பிள்ளைகள் அரசுப் பள்ளிகளில் சேர்வதற்குச் சட்டத்தில் தடையேதும் இல்லை. ஆனால், சேர்ந்த பிள்ளை வகுப்பில் நடப்பதைப் புரிந்துகொள்வதற்கான ஏற்பாடு போதிய அளவில் இல்லை. சேர்க்கை என்பது முதல் வாயில். மொழி என்பது இரண்டாம் வாயில். முதல் வாயிலின் திறவுகோல் தலைமையாசிரியரிடமும், இரண்டாம் வாயிலின் திறவுகோல் பெரும்பகுதி தமிழ்த்துறைகளிடமும் உள்ளன என்பதே இக்கருத்துரையின் மையக் கருத்தாகும். தமிழை இரண்டாம் மொழியாகக் கற்பிக்கும் துறையறிவை வளர்க்காமல், தமிழ் கட்டாயம் என்னும் சட்டத்தை மட்டும் வைத்திருப்பது அப்பிள்ளைகளுக்கும் தமிழுக்கும் ஒருசேர இழப்பாகும் என்பது இங்கு வாதிடப்படுகிறது.

திறவுச்சொற்கள்: புலம்பெயர் தொழிலாளர், பள்ளித் தலைமை, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், இரண்டாம் மொழிக் கற்பித்தல், தாய்மொழி, உறழ்நிலை மொழியியல்

முன்னுரை

காவிரிப்பூம்பட்டினத்தின் வளத்தைப் பாடும் பட்டினப்பாலையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார், பல மொழி வழங்கும் நாடுகளிலிருந்து வந்த மக்கள் அந்நகரத்தாரோடு கலந்து இனிது வாழ்ந்ததை அந்நகரின் சிறப்புகளுள் ஒன்றாக எடுத்துரைக்கிறார். அம்மக்களைச் சுட்டுவதற்கு அவர் ஆண்ட சொல் 'புலம்பெயர்' என்பதாகும். இன்று நாம் அச்சொல்லை ஈழத்திலிருந்தும் தமிழகத்திலிருந்தும் பிற நாடுகளுக்குச் சென்ற தமிழரைக் குறிக்கவே பெரிதும் பயன்படுத்துகிறோம். 'புலம்பெயர் இலக்கியம்' என்றால் நம்மிடமிருந்து சென்றவர்களின் இலக்கியம் என்று பொருள் கொள்கிறோம். உருத்திரங்கண்ணனாரோ நம்மிடம் வந்தவர்களைக் குறிக்க அதனை ஆண்டார். இப்பொருள் மாற்றம் சொல்லாராய்ச்சிக்கு மட்டும் உரியதன்று. வந்தவர்களைப் பற்றிச் சிந்திக்கும் பழக்கம் நம் துறைகளில் குறைந்துவிட்டது என்பதற்கும் அது சான்றாகும்.

திருப்பூரின் பின்னலாடைத் தொழிற்கூடங்கள், கோயம்புத்தூரின் வார்ப்பாலைகள், திருப்பெரும்புதூர், ஒரகடம் பகுதிகளின் ஆலைகள், செங்குன்றம் சுற்றுப்புறத்துச் செங்கற்சூளைகள், வால்பாறையின் தேயிலைத் தோட்டங்கள் ஆகிய இடங்களில் பீகார், ஒடிசா, சார்க்கண்ட், மேற்கு வங்கம், அசாம் ஆகிய மாநிலங்களைச் சேர்ந்தோர் பணிபுரிகின்றனர். தொடக்கத்தில் தனி ஆடவராக வந்தோர் பலர் பின்னர்க் குடும்பத்தோடு தங்கத் தொடங்கினர். குடும்பம் வந்தபின் பிள்ளையும் வந்தது; பிள்ளை வந்தபின் பள்ளி பற்றிய வினாவும் வந்தது. அவ்வினாவைத் தமிழ் பயின்றோர் நோக்கில் அணுகுவது இக்கருத்துரையின் நோக்கமாகும்.

ஒரு நேர்வும் கட்டுரையாளரின் ஒப்புதலும்

கொங்குப் பகுதியின் தொழில் நகரம் ஒன்றில் உள்ள அரசு நடுநிலைப்பள்ளியில் இக்கட்டுரையாளர் ஒரு கல்வியாண்டின் பெரும்பகுதி, வாரம் இருநாள் மாலைவேளையில் தன்னார்வலராகத் தமிழ் கற்பிக்கும் வாய்ப்புப் பெற்றார். அங்கே பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தி முதல் வகுப்பில் அமர்த்தப்பட்டிருந்தாள். பீகாரில் நான்காம் வகுப்பு வரை படித்தவள்; நெடுவகுத்தல் கணக்கைப் பிழையின்றிச் செய்யக்கூடியவள். தமிழெழுத்து தெரியாது என்னும் ஒரே காரணத்தால் ஆறு வயதுக் குழந்தைகளிடையே உட்கார வைக்கப்பட்டாள். பதிவேட்டில் அவளது தாய்மொழி இந்தி எனக் குறிக்கப்பட்டிருந்தது. அவள் வீட்டில் பேசியது மைதிலி.

அவளுக்கு எழுத்துக் கற்பித்தபோது அவள் கேட்ட முதல் வினா, 'க' என்னும் எழுத்து இருக்கிறது, அதன் மெல்லிய ஒலிக்குரிய எழுத்து எங்கே என்பதாகும். தமிழில் இளங்கலை முதல் ஆய்வியல் நிறைஞர் வரை ஆறாண்டு பயின்ற கட்டுரையாளர், தொல்காப்பியப் பிறப்பியலை உரைவேறுபாடுகளோடு கற்றிருந்தும், அப்பிள்ளைக்கு விளங்கும்படி அன்று விடைகூற இயலாமல் நின்றார். தமிழைப் பற்றிக் கற்றதற்கும் தமிழ் அறியாதவர்க்குத் தமிழைக் கற்பிப்பதற்கும் இடையிலுள்ள தொலைவு அப்போதுதான் தெரிந்தது.

பொங்கல் விடுமுறைக்குப்பின் அச்சிறுமி பள்ளிக்குத் திரும்பவில்லை. விசாரித்தபோது, குடும்பம் ஊருக்குப் போகவில்லை என்பதும், அவள் லைன் வீட்டில் தங்கிக் கைக்குழந்தையான தம்பியைப் பார்த்துக்கொள்கிறாள் என்பதும் தெரியவந்தன. சின்னக் குழந்தைகளோடு உட்கார வெட்கமாக இருக்கிறது என்று அவள் சொன்னதாகத் தாய் கூறினார். பதிவேட்டில் அவள் பெயர் சில மாதங்கள் தொடர்ந்து இருந்தது. சேர்க்கைப் புள்ளிவிவரத்தில் அவள் பள்ளியில் படிக்கும் பிள்ளையாகவே இருந்தாள்.

இந்நிகழ்வில் கொடியவர் என்று எவரையும் சுட்ட இயலாது. அத்தலைமையாசிரியர் அப்பிள்ளையைத் திருப்பி அனுப்பவில்லை; ஆவணம் கேட்டு அலைக்கழிக்கவில்லை; சீருடையும் நூல்களும் வழங்கினார். தம் அறிவுக்கு எட்டியவரை நல்லது என நினைத்தே முதல் வகுப்பில் அமர்த்தினார். அந்த நல்லெண்ணத்தையும் மீறிப் பிள்ளை இழக்கப்பட்டது என்பதே நாம் சிந்திக்க வேண்டிய செய்தி.

முதல் வாயில்: சட்டம் கூறுவது

2009ஆம் ஆண்டின் குழந்தைகளுக்கான இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. புலம்பெயர் பிள்ளைகளைப் பொறுத்தவரை அதன் சில பிரிவுகள் தனிக் கவனத்திற்குரியன. 4ஆம் பிரிவு, பள்ளியில் சேராத அல்லது இடைநின்ற பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும் என்றும், உடன் பயில்வோர்க்கு இணையாக வருவதற்குச் சிறப்புப் பயிற்சி பெறும் உரிமை அதற்கு உண்டு என்றும் கூறுகிறது. 5ஆம் பிரிவு, வேறு பள்ளிக்கு, மாநிலத்திற்கு வெளியே உள்ள பள்ளிக்கும்கூட, மாறிச் செல்லும் உரிமையை வழங்குகிறது. மாற்றுச் சான்றிதழ் தரத் தாமதமாவதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது என்கிறது. சான்றிதழ் வழங்கத் தாமதிக்கும் தலைமையாசிரியர் ஒழுங்கு நடவடிக்கைக்கு உரியவர் என்றும் வரையறுக்கிறது. 9ஆம் பிரிவு, புலம்பெயர் குடும்பங்களின் பிள்ளைகள் சேர்க்கப்படுவதை உறுதிசெய்யும் கடமையை உள்ளாட்சி அமைப்பின்மீது வெளிப்படையாகவே சுமத்துகிறது. 14ஆம் பிரிவு, வயதுச் சான்று இல்லை என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கக்கூடாது என்கிறது.

இப்பிரிவுகளை ஒருங்கே நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். சட்டம் டெல்லியில் இயற்றப்படினும் அது உயிர்பெறும் இடம் தலைமையாசிரியரின் மேசையே ஆகும். எந்த வகுப்பு, எந்தப் பெயர், எந்தத் தாய்மொழி, எந்த நாளில் சேர்க்கை ஆகியவற்றை முடிவுசெய்பவர் அவர். மேற்கண்ட சிறுமியின் நேர்வில் 4ஆம் பிரிவு மீறப்பட்டது. ஆனால் மீறியவர்க்கு அது மீறல் என்றே தெரியவில்லை. எழுத்தறியாத பிள்ளை முதல் வகுப்புக்கு உரியது என்னும் எண்ணம், பள்ளி என்றால் தமிழெழுத்திலிருந்து தொடங்குவது என்னும் நெடுநாள் வழக்கத்திலிருந்து பிறந்தது. பிற மொழியில் எழுத்தறிவு பெற்ற பிள்ளையை எழுத்தறியாத பிள்ளை என்று கருதுவது பெரும் பிழை. வாசித்தல் என்னும் திறனை அப்பிள்ளை ஏற்கெனவே பெற்றுவிட்டது. அதற்குத் தேவைப்படுவது வேறொரு வரிவடிவமும் மொழியும் மட்டுமே.

பெயர் பதிவிலும் இத்தகைய இடர்ப்பாடு உண்டு. தமிழகத்தில் தந்தை பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாகக் கொள்வது வழக்கம். வட மாநிலங்களில் குடும்பப் பெயரோ 'குமார்', 'குமாரி', 'தேவி' போன்ற பின்னொட்டோ பெயரின் இறுதியில் வரும். அவ்விறுதிச் சொல்லைத் தந்தை பெயர் எனக் கொண்டு தலைப்பெழுத்தாக்கும்போது ஆதார் அட்டையில் ஒரு பெயர், எமிஸ் பதிவில் வேறு பெயர், மாற்றுச் சான்றிதழில் மற்றொரு பெயர் என்றாகிறது. பத்தாம் வகுப்புத் தேர்வெழுதும்போதோ சொந்த மாநிலத்திற்குத் திரும்பும்போதோ அப்பிள்ளை தான் யார் என மெய்ப்பிக்க வேண்டிய நிலை ஏற்படுகிறது. சேர்க்கை நாளில் பத்து நிமிடம் கூடுதலாகச் செலவிட்டால் தவிர்த்திருக்கக்கூடிய துன்பம் இது.

இருவகைப் புலம்பெயர்வு

புலம்பெயர் பிள்ளைகள் அனைவரையும் ஒரே வகையாகக் கொள்வது கொள்கைப் பிழையாகும். பின்னலாடை, வார்ப்பாலைப் பகுதிகளில் ஆண்டுக்கணக்காகத் தங்கும் குடும்பங்கள் ஒருவகை. இவர்தம் பிள்ளைகள் தமிழகத்திலேயே வளர்ந்து இங்கேயே பணிக்குச் செல்லக்கூடியவர்கள். அறுவடை முடிந்தபின் சூளைகளுக்கு வந்து மழைக்காலத்துக்குமுன் ஊர் திரும்பும் ஒடிசாக் குடும்பங்கள் மற்றொரு வகை. இவர்தம் பிள்ளைகள் ஆண்டின் ஒரு பகுதியைச் சொந்த ஊரிலும் மறுபகுதியைச் சூளையிலும் கழிப்பவர்கள்.

முதல் வகையினர்க்குத் தமிழே எதிர்காலத்தின் மொழி. அவர்களுக்குத் தமிழை முறையாகக் கற்பிப்பதே நீதி. இரண்டாம் வகையினர்க்கு ஆறுமாதத் தமிழ்க் கல்வி மட்டும் போதாது. ஊர் திரும்பியபின் ஒடியாவில் தொடர வேண்டியிருப்பதால் ஒடியா நூல்களும் ஒடியா அறிந்த கற்பிப்போரும் வேண்டும். ஒடிசாவிலிருந்து நூல்களையும் கற்பிப்போரையும் வருவித்துச் சூளைப் பகுதிகளில் வகுப்பு நடத்திய முயற்சிகள் தமிழகத்தில் நடைபெற்றுள்ளன. அவை நிலைத்த ஏற்பாடாக வேண்டும். எப்பிள்ளை எவ்வகையைச் சார்ந்தது என்பதைப் பெற்றோரிடம் கேட்டறிந்து முடிவுசெய்யும் பொறுப்பும் தலைமையாசிரியரையே சாரும்.

இரண்டாம் வாயில்: ஒரே நடத்தை சமநீதி ஆகுமா?

அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் இரு தீர்ப்புகள் இவ்விடத்தில் ஒப்புநோக்கத்தக்கன. உரிய ஆவணமின்றிக் குடியேறியோரின் பிள்ளைகளுக்குப் பொதுப் பள்ளிக் கல்வியை மறுக்க இடமளித்த டெக்சாசு மாநிலச் சட்டத்தை 1982ஆம் ஆண்டில் பிளைலர் எதிர் டோ வழக்கில் அந்நீதிமன்றம் செல்லாது என்றது. ஐந்து நீதிபதிகள் ஒருபுறமும் நால்வர் மறுபுறமும் நின்ற அத்தீர்ப்பு முதல் வாயிலைத் திறந்தது. அதற்கு எட்டாண்டு முன்னரே, 1974ஆம் ஆண்டில், லௌ எதிர் நிக்கோல்சு வழக்கில் இரண்டாம் வாயில் பற்றிய வினா எழுந்தது. சான் பிரான்சிசுகோ நகரில் ஆங்கிலம் அறியாத சீன மாணவர்களுள் ஏறத்தாழ 1,800 பேர் எவ்வகைத் துணைப் பயிற்சியும் இன்றி ஆங்கில வகுப்பில் அமர்த்தப்பட்டிருந்தனர். ஒரே நூல், ஒரே ஆசிரியர், ஒரே பாடத்திட்டம் வழங்கிவிட்டதனாலேயே சமமாக நடத்தியதாகாது. மொழி புரியாத மாணவர்க்குப் பொருளுள்ள கல்வி அடைக்கப்பட்டே உள்ளது என அந்நீதிமன்றம் ஒருமனதாக முடிவுசெய்தது.

தமிழகத்தின் நிலையை இவ்விரு தீர்ப்புகளின் ஒளியில் காணலாம். முதல் வாயில் நம்மிடம் சட்டத்தால் திறந்தே உள்ளது. மதிய உணவும், 2022இல் தொடங்கப்பெற்ற முதலமைச்சரின் காலை உணவுத் திட்டமும், விலையில்லா நூல்களும் மாநிலம் பாராமல் வழங்கப்படுகின்றன. இது பெருமைக்குரியது. ஆயின் இரண்டாம் வாயிலில், 'எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே நூல்' என்பதையே நாமும் சமநீதி எனக் கருதி அமைதியடைகிறோம். நம் முதல் வகுப்புத் தமிழ்நூல், பிள்ளை தமிழ் பேசத் தெரிந்தே வருகிறது என்னும் எடுகோளின்மீது அமைந்துள்ளது. அணிலின் படத்தைக் கண்டதும் 'அணில்' என்னும் சொல் பிள்ளையின் நாவில் எழும். அதிலிருந்து 'அ' என்னும் எழுத்தைப் பிரித்துக் காட்டலாம் என்பது அந்நூலின் முறை. மைதிலி பேசும் பிள்ளையின் நாவில் அப்படத்தைக் கண்டு எழுவது வேறு சொல். அச்சொல்லிலிருந்து 'அ' பிறவாது.

அண்டை மாநிலமான கேரளத்தில், எர்ணாகுளம் மாவட்ட நிருவாகம் 2017இல் தொடங்கிய 'ரோசினி' திட்டம் இச்சிக்கலைப் பிள்ளையின் மொழியறிந்த கற்பிப்போர் வழியாக அணுகியது. பிள்ளையின் மொழியிலிருந்து மலையாளத்திற்குப் பாலம் அமைப்பதே அதன் அடிப்படை. அதே காலத்தில் கேரள மாநில எழுத்தறிவு இயக்கம் புலம்பெயர் தொழிலாளர்க்கு மலையாளம் கற்பிக்கத் தனிநூலும் உருவாக்கியது. தமிழகக் கல்வித்துறையும் அண்மையில் இப்பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கும் முயற்சிகளைத் தொடங்கியுள்ளமை வரவேற்கத்தக்கது. அம்முயற்சிகளுக்கு வேண்டிய கல்வியியல், மொழியியல் அடித்தளத்தை வழங்குவோர் யார் என்பதே நம் வினா.

தமிழ்த்துறைகள் செய்யக்கூடியது

2006ஆம் ஆண்டின் தமிழ்நாடு தமிழ் கற்றல் சட்டம், முதல் வகுப்பில் தொடங்கிப் பத்தாம் வகுப்பு வரை படிப்படியாகத் தமிழைக் கட்டாயப் பாடமாக்கியது. மொழிச் சிறுபான்மைப் பள்ளிகளின் மாணவர்கள் நீதிமன்றங்களை நாடி விலக்குப் பெற்றமையையும் நாம் அறிவோம். கட்டாயம், விலக்கு என்னும் இவ்விரண்டைச் சுற்றியே நம் உரையாடல் நிகழ்கிறது. எவ்வாறு கற்பிப்பது என்னும் மூன்றாவது வினா அரிதாகவே எழுப்பப்படுகிறது. ஒருவர் தமிழ் கற்றே ஆகவேண்டும் எனச் சட்டம் கூறுமாயின், அவர் கற்றற்கேற்ற வழியை அமைத்துத் தருவது தமிழறிந்தோரின் கடனாகும்.

அவ்வழி வெறும் அன்பினால் மட்டும் அமைவதன்று. மொழியியல் அறிவினால் அமைவது. சில எடுத்துக்காட்டுகள் இதனை விளக்கும். இந்தியில் ககர வருக்கத்திற்கு மூக்கொலி நீங்கலாக நான்கு எழுத்துகள் உள, தமிழில் ஒன்றே. 'கண்', 'பகல்', 'தங்கம்' ஆகிய மூன்றிலும் ககரம் வெவ்வேறாக ஒலிப்பது அதன் இடத்தால் அமைவது. மொழிமுதலில் ஒரு வகை, உயிரிடையில் ஒரு வகை, மெல்லினத்தின்பின் ஒரு வகை என்னும் விதியை மூன்று சொற்களால் காட்டினால் பிள்ளை எளிதில் பற்றிக்கொள்ளும். விதி கூறப்படாவிடில் ஒவ்வொரு சொல்லும் புதிராகவே நிற்கும். அச்சிறுமியின் வினாவிற்கு உரிய விடை இதுவே. கட்டுரையாளர் அதனைக் காலம் கடந்தே கண்டறிந்தார்.

இந்தியில் எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் குறில், நெடில் வேறுபாடு இல்லை. எனவே 'எடு', 'ஏடு' என்பவற்றைப் பிரித்தறிவதற்கு அப்பிள்ளைக்குத் தனிப்பயிற்சி வேண்டும். ஒடியா பேசும் பிள்ளைக்கு ளகரம் தன் மொழியிலேயே உண்டு. வங்கம் பேசும் பிள்ளைக்கு இல்லை. இந்தியில் அஃறிணைப் பொருள்களுக்கும் ஆண்பால், பெண்பால் உண்டு. அப்பிள்ளை நாற்காலி ஆணா பெண்ணா எனக் கேட்கும். உயர்திணை, அஃறிணைப் பாகுபாட்டைச் சொல்லிக்கொடுத்தால் சுமை குறைந்ததாக மகிழும். வங்கத்திலும் ஒடியாவிலும் அத்தகைய பால்பாகுபாடு இல்லையாதலின் அப்பிள்ளைகளுக்கு அவ்வினாவே எழாது.

ஒற்றுமைகளும் பல. எழுவாய், செயப்படுபொருள், பயனிலை என்னும் வரிசை இம்மொழிகளுக்குப் பொது. 'எனக்குப் பசிக்கிறது' என்பதுபோல் நுகர்வோரை நான்காம் வேற்றுமையில் வைக்கும் அமைப்பு இந்தியிலும் உண்டு. இந்தியாவை ஒரு மொழியியற் பரப்பாகக் கண்ட எமனோ, 1956இல் வெளியிட்ட கட்டுரையில் மொழிக்குடும்ப எல்லைகளைக் கடந்த பொதுக்கூறுகள் இந்நாட்டு மொழிகளிடையே நிலவுவதைச் சுட்டினார். அக்கருத்து நம் வகுப்பறைகளில் தேர்வு வினாவாகவே நின்றுவிட்டது. புலம்பெயர் பிள்ளைக்கு அது ஏணியாக வேண்டும்.

இவற்றினும் பெரிய தடை, பேச்சுத் தமிழுக்கும் எழுத்துத் தமிழுக்கும் உள்ள இடைவெளியாகும். தெருவில் 'வந்துட்டாங்க' என்று கேட்கும் பிள்ளை நூலில் 'வந்துவிட்டார்கள்' என்று காண்கிறது. தமிழ்வீட்டுப் பிள்ளைக்கு இவ்விரண்டும் ஒன்றே என்பது இயல்பாக விளங்கிவிடும். பிற மொழிப் பிள்ளையோ ஒரே நேரத்தில் இரு தமிழைக் கற்கவேண்டியுள்ளது. சிங்கப்பூரில் 2005ஆம் ஆண்டின் பாடத்திட்ட மீளாய்வுக்குப்பின் பேச்சுத் தமிழுக்கு வகுப்பறையில் உரிய இடம் அளிக்கப்பட்டது. பேச்சிலிருந்து எழுத்துக்குச் செல்லும் அவ்வழியை நாம் ஆராய்ந்து நம் நிலைக்கேற்ப மேற்கொள்ளலாம்.

தமிழறியாதார்க்குத் தமிழ் கற்பிக்கும் பட்டறிவு நம்மிடம் அறவே இல்லை என்பதன்று. மைசூரிலுள்ள இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் பிற மாநில ஆசிரியர்க்குத் தமிழ் கற்பித்து வந்துள்ளது. 2001இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகமாகத் தொடங்கி இன்று தமிழ் இணையக் கல்விக்கழகமாக விளங்கும் அமைப்பு, உலகெங்கும் வாழும் தமிழர்தம் பிள்ளைகளுக்குப் பாடங்களை உருவாக்கியது. கடல்கடந்த பிள்ளைக்குக் காட்டிய அக்கறையைக் கதவருகே நிற்கும் பிள்ளைக்கும் காட்டுவதே எஞ்சியுள்ள பணி. கற்போரின் இயல்பறிந்து கற்பிப்பதை ஆசிரியரின் இலக்கணத்தோடு பொருத்திப் பேசும் நன்னூற் பாயிரத்தைப் பாடமாகக் கொண்ட துறைகளுக்கு இது புறம்பான பணியன்று.

எதிர்வாதங்கள்

இக்கருத்துக்கு மூன்று மறுப்புகள் எழக்கூடும். அவற்றை நேர்மையோடு எதிர்கொள்ள வேண்டும்.

முதலாவது, ஈராசிரியர் பள்ளிகளில் ஐந்து வகுப்பை நடத்தும் ஆசிரியரிடம் மேலும் ஒரு சுமையை ஏற்றலாமா என்பது. இது நியாயமான மறுப்பு. ஆகவேதான் இப்பொறுப்பைத் தனி ஆசிரியரின் தியாகத்திடம் விட்டுவிடக்கூடாது. ஆர்வமுள்ள தலைமையாசிரியர் ஒருவர் அமைத்த நல்ல ஏற்பாடு, அவர் மாறுதலாகிச் சென்றதும் மறைந்துவிடுகிறது. ஒருவரின் நல்லெண்ணம் கொள்கையாகாது; அதனைக் கொள்கையாக்குவது துறையின் கடமை.

இரண்டாவது, பாதி ஆண்டில் போய்விடும் பிள்ளைக்கு ஏன் இத்தனை முயற்சி என்பது. போய்விடும் என்று எண்ணி நாம் கைவிடுவதாலேயே பல பிள்ளைகள் பள்ளியை விட்டுப் போகின்றன. மேலும், கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயதுவரை உள்ள பிள்ளைக்கே உரியது. பதினொரு வயதில் இழக்கப்படும் பிள்ளைக்கு எஞ்சியிருப்பது மூன்றாண்டுகளே.

மூன்றாவது, மிகுந்த கவனத்திற்குரியது. இப்பிள்ளைகளின் மொழிக்குப் பள்ளியில் இடமளித்தால் இந்தி பின்வாயில் வழியே நுழைந்துவிடாதா என்னும் அச்சம் அது. 1968 முதல் இருமொழிக் கொள்கையைப் பின்பற்றும் மாநிலத்தில் இவ்வச்சம் இயல்பானது; அதனை எள்ளுதல் தகாது. ஆனால், இந்தியைத் தாய்மொழியாகக் கொள்ளாத பிள்ளைகள் அனைவர்மீதும் அதனை ஒரு பாடமாகச் சுமத்துவது வேறு. ஒரு பிள்ளையின் வீட்டுமொழியைத் தமிழுக்குச் செல்லும் பாலமாகச் சிறிது காலம் பயன்படுத்துவது வேறு. முன்னையதை எதிர்த்த அதே மொழியுரிமைக் கோட்பாடே பின்னையதை வேண்டுகிறது. மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கநிலையில் தாய்மொழிக் கல்விக்கு வசதி செய்ய வேண்டும் என்னும் அரசமைப்பின் 350அ உறுப்பும், இயன்றவரை தாய்மொழியே பயிற்றுமொழியாக இருக்கவேண்டும் என்னும் கல்வி உரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவும் இதற்கு அரண் செய்வன.

இன்னொன்றும் கூறவேண்டும். வடக்கிலிருந்து வரும் பிள்ளைகள் யாவரும் இந்தி பேசுவோர் என எழுதிக்கொள்வது நாம் எதிர்க்கும் பிழையையே நாம் செய்வதாகும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் போசுபுரி முதலிய பல தாய்மொழிகள் இந்தி என்னும் தலைப்பின்கீழ் அடக்கப்படுவதை மொழியியலார் அறிவர். மைதிலியும் சந்தாலியும் 2003ஆம் ஆண்டின் 92ஆம் திருத்தத்தால் எட்டாம் அட்டவணையில் இடம்பெற்றன. அவ்வாறு இடம்பெற்ற மொழிகளைத் தமிழகத்தின் சேர்க்கைப் பதிவேடு 'இந்தி' என்னும் ஒற்றைச் சொல்லால் மறைத்துவிடுகிறது. மொழிப் பன்மையைக் காப்பதாகக் கூறும் மண்ணில் அப்பன்மை பதிவேட்டிலேனும் பிழைத்திருக்க வேண்டும்.

இதே அளவுகோலை எதிர்த்திசையிலும் வைத்துப் பார்க்கலாம். கனடாவின் ஒன்ராறியோ மாகாணக் கல்விச் சட்டம், பெற்றோரின் குடியேற்ற நிலையைக் காரணம் காட்டிப் பிள்ளையின் சேர்க்கையை மறுக்கக்கூடாது என்கிறது. அம்மாகாணப் பள்ளி வாரியங்கள் நடத்தும் பன்னாட்டு மொழித் திட்டத்தில் தமிழும் கற்பிக்கப்படுகிறது. போரினால் பெயர்ந்து சென்ற ஈழத்தமிழர்தம் பிள்ளைகள் அதனால் பயன்பெற்றபோது நாம் மகிழ்ந்தோம்; அதனை நாகரிகச் சமூகத்தின் இலக்கணம் எனப் பாராட்டினோம். தொராண்டோவில் தமிழ்ப்பிள்ளைக்கு உரியது எனக் கருதிய ஒன்று, திருப்பூரில் மைதிலிப் பிள்ளைக்கு உரியதன்று எனக் கூறுவதற்கு அறம் இடந்தராது.

முன்மொழிவுகள்

மேற்கண்ட வாதங்களின் அடிப்படையில் பின்வருவன முன்வைக்கப்படுகின்றன.

1. பிற மாநிலப் பிள்ளைகளை வயதுக்கேற்ற வகுப்பிலேயே சேர்க்கவேண்டும் என்பதைத் தெளிவுறுத்தும் சுற்றறிக்கை ஒவ்வொரு கல்வியாண்டின் தொடக்கத்திலும் தலைமையாசிரியர்க்கு அனுப்பப்பட வேண்டும். சேர்க்கையின்போது பிள்ளையின் முந்தைய கல்வியை அதன் மொழியிலேயே ஆய்ந்தறியும் எளிய படிவம் ஒன்று உடனிணைக்கப்பட வேண்டும்.

2. சேர்க்கைப் பதிவேட்டில் வீட்டில் பேசும் மொழி எது, எழுதப் படிக்க அறிந்த மொழி எது என இரு வினாக்கள் தனித்தனியே இடம்பெற வேண்டும்.

3. இப்பிள்ளைகள் மிகுந்துள்ள பகுதிகளில், வட்டார வள மையத்தின் பொறுப்பில், பிள்ளைகளின் மொழியும் தமிழும் அறிந்த மொழித்துணைவர்கள் அமர்த்தப்பட வேண்டும். புலம்பெயர் குடும்பங்களில் தமிழ் கற்றுப் பள்ளியிறுதி முடித்த இளைஞர்களே இதற்கு மிகத் தகுதியானவர்கள்.

4. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும் என்பது சட்டம். புலம்பெயர் பிள்ளைகள் பயிலும் பள்ளிகளில் அவர்தம் பெற்றோர், குறிப்பாகத் தாய்மார், அக்குழுவில் இடம்பெறத் தலைமையாசிரியர் வழிசெய்ய வேண்டும்.

5. முதுகலைத் தமிழிலும் ஆசிரியர் கல்வியிலும் தமிழை இரண்டாம் மொழியாகக் கற்பித்தல் என்னும் தாள் ஒன்று சேர்க்கப்பட வேண்டும். இந்தி, ஒடியா, வங்கம், அசாமியம் ஆகியவற்றோடு தமிழை உறழ்ந்து காணும் கற்பித்தல் கையேடுகளை உருவாக்குவது முனைவர் பட்ட ஆய்வுக்குரிய பொருளாக ஏற்கப்பட வேண்டும்.

6. தமிழ் கற்கத் தொடங்கிய முதல் ஈராண்டுகளுக்கு இப்பிள்ளைகளின் தமிழ்த் திறனைத் தனி அளவுகோலால் மதிப்பிட வேண்டும். கணக்கு, அறிவியல் ஆகியவற்றில் அவர்தம் அறிவு தமிழறிவின் குறையால் மறைக்கப்படுதல் கூடாது.

நிறைவுரை

ஒரு மொழியின் வளம் அதனைப் பிறப்பால் பெற்றவர் தொகையால் மட்டும் அளக்கப்படுவதன்று. பிறந்தபின் விரும்பிக் கற்றோராலும் அது வளர்கிறது. வேறு மொழி பேசும் வீட்டில் பிறந்து தமிழில் எழுதிய பலரை நம் இலக்கிய வரலாறு அறியும். இன்று தொழில்நகரங்களின் லைன் வீடுகளில் வளரும் பிள்ளைகளுள் நாளைய தமிழாசிரியரும் தமிழ் எழுத்தாளரும் இருக்கக்கூடும். அவர்களை முதல் வகுப்பின் கடைசி வரிசையில் அமரவைத்து வெட்கப்படச் செய்து அனுப்பிவிட்டால் இழப்பு அவர்களுக்கு மட்டுமன்று.

தலைமையாசிரியர் முதல் வாயிலைத் திறந்து வைத்திருக்கிறார். சில வேளை தவறான அறைக்கு வழிகாட்டிவிடுகிறார். சரியான அறை எது என அவருக்கு எடுத்துச் சொல்லும் கையேடு இல்லை. அக்கையேட்டை எழுதவேண்டியவர்கள் தமிழ்த்துறைகளில் இருக்கிறோம். ககரத்தின் மெல்லொலிக்கு எழுத்து எங்கே எனக் கேட்ட சிறுமிக்கு உரிய காலத்தில் விடை கிடைத்திருந்தால் அவள் இன்று எட்டாம் வகுப்பில் இருந்திருப்பாள். அவ்வினாவை மீண்டும் ஒரு பிள்ளை கேட்கும்போது விடையோடு இருப்பதே நாம் உடனடியாகச் செய்யத்தக்கது.